இரண்டு பக்கமும் வாங்கியவர்

மழை வரும் என்று குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, வராது என்று துவைத்த துணியை மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போகிற மனிதரோடு நான் இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தேன்.

"வந்தா நான் நனையமாட்டேன், வராட்டா துணி காஞ்சிரும். எப்பிடியும் நமக்கு நட்டமில்லேல்லா தம்பி?" என்பார்.

மழை வந்த நாட்களில் துணி சொட்டச் சொட்டக் கிடக்கும். வராத நாட்களில் குடையை எங்காவது வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பார். இந்த இரண்டும் நஷ்டம்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். "அது செலவுடே, நட்டம் வேற" என்றார்.

எங்கள் அறை மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. எனக்கு மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகத் தெம்பில்லாமல் அறை தேடியபோது, ஏற்கெனவே அங்கே இருந்த அவரோடு என்னைச் சேர்த்துவிட்டார்கள். என் அப்பா மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு: எது கையில் கிடைத்தாலும் பொடி எழுத்தையும் விடாமல் படித்துவிடுவேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டதால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிக்குத் தெற்கே சொந்த ஊர். தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுச்சேலை செக்‌ஷன். என்னைத் தம்பி என்பார், கொஞ்சம் சந்தோஷமாக இருந்தால் 'டே' சேரும். நான் அண்ணே என்பேன்.

ஒருமுறை என் அக்காவின் வளைகாப்புக்குச் சேலை எடுக்க அவர் கடைக்கே போனேன். என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அவர் ஒரு மாமியாரையும் மருமகளையும் கவனித்துக்கொண்டிருந்தார். மாமியார் கையில் மாம்பழ மஞ்சள், மருமகள் கையில் மயில்கழுத்து. எடுக்கப்போவது ஒன்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவரையே பார்த்து, "நீங்க சொல்லுங்க, எது நல்லாருக்கு?" என்றார்கள்.

அவர் இரண்டு சேலையையும் தம் இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டார். மஞ்சளைத் தொட்டு, "அம்மா எடுத்தது கோயிலுக்குக் கெட்டுனா கும்பிடத் தோணும்" என்றார். மயில்கழுத்தைத் தொட்டு, "அக்கா எடுத்தது சாயங்காலம் ரிசப்ஷன்ல லைட்டு பட்டா பேசும்" என்றார். இரண்டும் பில்லுக்குப் போனது. மாடிப் பொறுப்பாளர் தூரத்திலிருந்தே மெச்சித் தலையை ஆட்டினார்.

வெளியே டீ குடிக்கும்போது நான் கேட்டேன், "உண்மையில எதுண்ணே நல்லாருந்துச்சு?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "ரெண்டும்தாம்லா" என்றார்.

மறுவாரம் அதில் ஒரு சேலை திரும்பி வந்ததாம். வந்தது மாமியார் தனியாக. அரை மணி நேரம் அவரை நிற்கவைத்துப் பேசியிருக்கிறார். மாற்றிக் கொடுத்ததற்கு இவர் கணக்கில் ஊக்கத்தொகையும் பிடித்துக்கொண்டார்கள். அதையும் செலவு என்றுதான் சொன்னார்.

வீட்டிலும் இதே கதை. கீழே வீட்டுக்கார மாமா, மாடியில் எங்களுக்கு எதிரே ஒரு பள்ளிக்கூட டீச்சர். தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவது என்பதில் அவர்களுக்குத் தீராத சண்டை. விடிவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும் என்பார் மாமா. அந்தச் சத்தத்தில் தூங்க முடியவில்லை, ஏழு மணிக்குப் போட்டால் போதும் என்பார் டீச்சர். மாமா இவரைப் பிடித்து, "நீங்களே சொல்லுங்கோ, நான் சொல்றதுல என்ன தப்பு? கார்ப்பரேஷன் ஜலம் அப்பதானே வரது?" என்பார். "நீங்க சொல்றதுதான் மாமா சரி" என்பார் இவர். மாடிப்படி ஏறுவதற்குள் டீச்சர். "மனுஷன் தூங்க வேணாமா சார்?" "அதெப்படி டீச்சர், தூங்கத்தான் வேணும்."

இரண்டு பேரும் இவர் தங்கள் ஆள் என்று நம்பினார்கள். கடைசியில் ஒருநாள் இரண்டு பேருமே, தனித்தனியாக, மோட்டார் சாவியை இவரிடமே கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து விடியுமுன் எழுந்து கொஞ்ச நேரம் போட்டு நிறுத்துவார், மாமாவுக்காக. ஏழு மணிக்கு மறுபடி போடுவார், டீச்சருக்காக. டேங்க் நிரம்பி வழியும். மாமா வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கத்துவார்: "ஏன்டாப்பா, உங்க அண்ணா எங்கே? ஜலம் தெருவெல்லாம் ஓடிண்டிருக்கு!"

அண்ணன் குளித்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் அவர் மேல் யாருக்கும் கோபம் நீடித்ததில்லை. அவரைத் தேடி வந்தவர்களும் கிடையாது. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் அறைக் கதவைத் தட்டி, அவர் இருக்கிறாரா என்று சும்மா கேட்டு வந்த ஒரு சிநேகிதரையும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பந்தய ஆப்பை அவருக்கு யார் காட்டினார்கள் என்று தெரியாது. கடையில் பையன்கள் எல்லோரும் விளையாடுவார்களாம். காலையில் பல் விளக்கியதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறப்பார். கேள்விகள் வரிசையாக நிற்கும். நாளைக்குத் தங்கம் விலை ஏறுமா? இன்று சென்னையில் மழை பெய்யுமா? ராத்திரி மேட்சில் முதலில் ஆடுகிறவர்கள் ஜெயிப்பார்களா? ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டே பொத்தான்: ஆமா, இல்லை. இரண்டுக்கும் விலை உண்டு. மழை வரும் என்று நினைக்கிறவர்கள் அதிகமாக இருந்தால் 'ஆமா' ஆறு ரூபாய், 'இல்லை' நாலு ரூபாய். இரண்டையும் கூட்டினால் எப்போதும் பத்து. அந்த விலையைக் கொடுத்து ஒரு சீட்டு வாங்க வேண்டும்; சொன்னது பலித்தால் சீட்டுக்குப் பத்து ரூபாய் வரும். பலிக்காவிட்டால் போட்டது போச்சு. ஜெயித்த சீட்டின் லாபத்தில் பத்தில் ஒரு பங்கை ஆப் கமிஷனாக எடுத்துக்கொள்ளும்.

எல்லோரும் ஒரு பக்கம் வாங்குவார்கள். இவர் இரண்டு பக்கமும் வாங்கினார்.

எதில் எது நடந்தாலும் சாயங்காலம் அவருக்குச் செய்தி வரும்: "வாழ்த்துகள்! நீங்கள் வென்றுவிட்டீர்கள்." திரையில் கலர் கலராகக் காகிதத் துண்டுகள் உதிரும். அதை என்னிடம் நீட்டிக் காட்டுவார். "பாத்தியா தம்பி, இன்னைக்கும்." ஒரு நாளும் தவறியதில்லை. அவரை யாரும் எதற்கும் வாழ்த்தி நான் பார்த்ததில்லை, அந்த ஆப்பைத் தவிர.

ஆனால் உள்ளே போட்ட பணம் தேய்ந்துகொண்டே வந்தது. மாதம் இரண்டு தடவையாவது புதிதாகப் பணம் போடுவார். "தினம் ஜெயிக்கேன், இருப்பு மட்டும் எங்கன போகுன்னு தெரியல" என்று ஒருநாள் டீக்கடையில் வைத்து அவரே கேட்டார். நான் அந்த ஆப்பின் நிபந்தனைகளை முழுசாகப் படித்திருந்தேன்.

"அண்ணே, 'ஆமா' ஆறுக்கு வாங்குறீங்க, 'இல்லை' நாலுக்கு. பத்து ரூபா குடுத்தாச்சு. மழை பெஞ்சா பத்து வரும். ஆனா ஆறு ரூபா சீட்டு ஜெயிச்சதால உங்களுக்கு நாலு ரூபா லாபம்னு அவன் நாப்பது பைசா எடுத்துக்குவான். பெய்யலன்னா நாலு ரூபா சீட்டு ஜெயிக்குது, லாபம் ஆறு, அறுபது பைசா எடுப்பான். நெஜத்துல உங்களுக்கு லாபமே கெடையாது. பத்தக் குடுத்துட்டு ஒம்பது ரூபா சொச்சத்த வாங்கிட்டு வரீங்க."

"அவனுக்குத் தெரியாதா, நான் ரெண்டும்லா வாங்கிருக்கேன்?"

"தெரிஞ்சா அவனுக்கென்ன? ஜெயிச்ச சீட்டுக்குத்தான் கமிஷன். தோத்த சீட்ட அவன் திரும்பிப் பாக்கமாட்டான்."

டீக்கடைக்காரர் வடிகட்டியை உதறிக்கொண்டே சிரித்தார். "இன்னா நைனா, அண்ணனாண்ட போய் கணக்கு சொல்லிக்கினு கீற? அவராண்ட சக்கர போடவா வாணாவான்னு கேட்டா, பாதி போடுன்னுவாரு. இன்னைக்கி வரிக்கும் அந்த டீக்கு ஒரு டேஸ்ட்டு வந்ததில்ல."

அண்ணனும் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைக் கேட்டார், "சரி. ஒரே பக்கம் வாங்குதேன்னு வையி. அப்பம் லாபம் வருமா?"

"அதுலயும் கஷ்டம்தான்ணே. அஞ்சு ரூபா சீட்டு ஒண்ணு ஜெயிச்சா கமிஷன் போக லாபம் நாலரைதான். தோத்தா முழுசா அஞ்சு போயிரும். பாதிக்குப் பாதி சரியாச் சொன்னாக்கூடப் பத்தாது. அதுக்கும் மேல சரியாச் சொல்லணும். பணத்த வெளிய எடுத்தா அதுக்குத் தனிக் கட்டணம் வேற."

"அப்பம் ஒரு பக்கம் சாஞ்சு தோத்தா அஞ்சு ரூவா. ரெண்டு பக்கமும் நின்னா அம்பது பைசா. நான் சொல்லுதது சரிதானே?"

கணக்கு சரிதான்.  விளையாடாமல் இருந்தால் அந்த ஐம்பது பைசாவும் போகாதே என்று சொல்லியிருக்கலாம். டம்ளரைக் கழுவ வைத்துவிட்டு அவர் எழுந்து போனபிறகுதான் அது தோன்றியது. சொல்லியிருந்தாலும், விளையாடாவிட்டால் சாயங்காலம் யார் வாழ்த்துவார்கள்?

அதன்பிறகு அவர் கொஞ்சம் நுணுக்கமானார். காலையில் ஒரு பக்கம், மத்தியானம் விலை மாறியதும் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து ஒன்பதரைக்குக் கிடைத்தால், அதுவும் நினைத்த பக்கம் ஜெயித்தால், பத்துப் பைசா மிஞ்சும். அன்றைக்கெல்லாம் நடையே வேறு மாதிரி இருக்கும். மறுநாள் மறுபக்கம் ஜெயித்து அதைவிடக் கூடுதலாகக் கமிஷன் போகும்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அவருக்குக் கல்யாணமாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும்வரை.

அவர் மனைவியும் மகளும் அடையாறில் இருந்தார்கள். மந்தைவெளியிலிருந்து ஒரே பஸ், பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். அண்ணனின் மனைவியை நான் அக்கா என்பேன். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். தன் உறவுக்காரர் வீட்டில் ஒரு அறையை வாங்கிக்கொண்டு நாலாம் வகுப்புப் படிக்கிற மகளோடு இருந்தார். ஊரில் அண்ணனின் அம்மா தனியாக. மகன் சென்னையில் வீடு எடுத்துவிட்டால் அப்புறம் ஊருக்குத் திரும்பவே மாட்டான் என்பது அம்மாவின் பயம். வீடு எடுக்காவிட்டால் தானும் மகளும் கடைசிவரை யார் வீட்டிலோ ஒண்டிக்கொண்டுதான் கிடக்க வேண்டும் என்பது அக்காவின் பயம். அண்ணன் அம்மாவிடம், "ரூம்லதாம்மா இருக்கேன், கொஞ்ச நாள்ல வந்துருவேன்" என்றார். அக்காவிடம், "அடுத்த மாசம் வீடு பாத்துருவோம்" என்றார். இரண்டு பேச்சுக்கும் பொருந்துகிற மாதிரி அவர் இருக்கக்கூடிய இடம் சென்னையில் ஒன்றே ஒன்றுதான். அது என் பக்கத்துப் பாய்.

அவருக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஜவுளிக்கடையில் ஞாயிறு விடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை மகளுக்குப் பள்ளிக்கூடம். சாயங்காலம் பள்ளி வேன் வந்து நிற்கிற முனையில் போய் நிற்பார். அவளோடு வீடுவரை நடப்பார். ஒரு காபி. இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார், ஏனென்றால் அம்மா எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையனின் போனிலிருந்து வீடியோ காலில் வருவாள். பின்னால் எங்கள் அறையின் பச்சைச் சுவரும் கொடியில் என் சட்டையும் தெரிய வேண்டும். போனை வைத்ததும் பாயை விரிப்பார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு பேரும் சந்தோசமா இருக்காங்க தம்பி" என்பார்.

ஒரு மே மாதச் செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல், ஆபீசுக்குப் போகவில்லை. பத்து மணிவாக்கில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "காய்ச்சக்காரரு, நீங்க படுங்க தம்பி. ஒளிச்சுப் பேசுததுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அடையாறில் இரண்டு ரூம் வீடு ஒன்று அமைந்திருந்தது. அண்ணன் முன்பணமும் கொஞ்சம் கொடுத்திருந்தார். மீதி அட்வான்ஸைக் கட்டாமல் ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரம்மா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்னுட்டாங்க. வேற ஆளு காத்திருக்காம். நாம போறோமா, இல்லையா? எனக்கு ஒத்த வார்த்த போதும்."

"போவோம். போகாம? நான் எப்பமாவது போகமாட்டேன்னு சொன்னனா?"

"மீதிப் பணம்?"

"ஏற்பாடு பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்போது அவருடைய போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா. எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மகள்தான், "அப்பத்தா!" என்று போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயா, நீ இங்க பேசி வச்ச கடையோட சொந்தக்காரரு வந்து நிக்காருய்யா. குடுத்த முன்பணம் போக மிச்சத்த எப்பம் தருவீகன்னு கேக்காரு. நீ வந்து ஜவுளிக்கடை போடுதியா, இல்ல அவரு வேற ஆளப் பாக்கட்டுமான்னு ஒரு வார்த்த சொல்லிரு."

 பாயில் படுத்திருந்த எனக்கே காது சுட்டது. அக்கா அவரைப் பார்த்தார். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார், அதாவது அக்காவையும் போனையும். ஒரு பக்கத்துக்குச் சொன்ன பதில் இன்னொரு பக்கத்துக்குக் கேட்காமல் பார்த்துக்கொள்வதே அவருடைய அத்தனை வருஷத்து வேலையாக இருந்திருக்கிறது. இப்போது ஒரே அறையில் இரண்டு காதுகளும் திறந்திருந்தன.

கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார். "காலைலேருந்து ஒண்ணும் குடிக்கல நீங்க. டீ வாங்கிட்டு வந்துருதேன்" என்றார். படியிறங்கும் சத்தம் கேட்டது.

"ஏல? ஐயா?" என்றது போன்.

அக்கா குனிந்து எடுத்தார். "நாந்தான் அத்தை பேசுதேன்."

"நீயா? அவன எங்க?"

"டீ வாங்கப் போயிருக்காரு."

"பேசிக்கிட்டிருக்கையிலயா?" என்றாள் அம்மா. "அவன் ஒங்கிட்ட என்ன சொல்லிருக்கான்?"

"இங்க வீடு எடுத்துருவோம்னு. முன்பணமும் குடுத்துட்டாரு."

"எங்கிட்ட கடைன்னான். இங்கயும் குடுத்திருக்கான்."

நான் இரண்டு பேரும் கத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புத்தானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏட்டி, ஒன்னயப் பொண்ணு பாத்துட்டு வரும்போதே பஸ்சுல வச்சுக் கேட்டேன், புடிச்சிருக்காலன்னு. ஒனக்குப் புடிச்சிருந்தா எனக்குப் புடிச்சிருக்கும்மான்னான்."

"என்கிட்ட, எங்கம்மாவுக்கு ஒன்னய ரொம்பப் பிடிச்சிருக்குன்னாரு அத்தை. கல்யாணமாயி மொத நாளு."

பிறகு அவர்கள் பேசியதை நான் கேட்கக் கூடாது என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். கேட்டது. முட்டிவலியைப் பற்றி, இங்கே ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்பதைப் பற்றி, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆளில்லை என்பதைப் பற்றி. அவரைப் பற்றிய பேச்சு வரவேயில்லை. கடைசியில் அம்மா, "வீட்ட விட்டுறாதட்டி. கம்மல் கெடக்கு, அடகு வச்சு அனுப்புதேன். நான் வாரேன்" என்றாள். அக்கா போனை என் தலைமாட்டில் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

வெகுநேரம் கழித்து அண்ணன் பிளாஸ்டிக் பையில் கட்டிய டீயும் நாலு பேப்பர் கப்பும் கொண்டுவந்தார். அறையைப் பார்த்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்கண்ணே. அம்மா இங்க வராங்களாம். அடையாறு வீட்டுக்கு."

"சண்டை ஒண்ணும் போடலேல்லா?"

"இல்ல."

"அப்பம் நல்லது" என்றார். முகம் மலர்ந்தது. எனக்கு ஒரு கப்பில் ஊற்றிக் கொடுத்தார், தனக்கும் ஊற்றிக்கொண்டார். மிச்சம் இரண்டு கப்பும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. அவற்றைப் பிரித்தார், மறுபடி சேர்த்தார். "எனக்கு என்னன்னு சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலண்ணே."

அன்று சாயங்காலம் அவர் போனைத் தொடவில்லை.

இரண்டு முன்பணத்தில், ஊரில் கொடுத்தது திரும்பி வரவில்லை. அடையாறில் கொடுத்தது வீட்டோடு சேர்ந்தது, அந்த மட்டும் சரி. அம்மாவும் அக்காவும் அதன்பிறகு தினமும் பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்தது. எட்டு மணி வீடியோ கால் நின்றுபோனது. எட்டு மணி ஆனதும் அவர் பச்சைச் சுவருக்கு முன்னால் வந்து உட்காருவது மட்டும் கொஞ்ச நாள் நிற்கவில்லை. அடையாறு வீட்டுக்கு எப்போது போகிறீர்கள் என்று நானும் கேட்டேன். "கூப்பிடட்டும்" என்றார். அவராகப் போவதற்கு என்ன? ஆனால் யாராவது கூப்பிட்டோ, கூடாதென்றோ சொன்னால்தானே அவரால் சரி என்று சொல்ல முடியும்?

அம்மா வருகிற அன்று எழும்பூருக்கு என்னையும் கூட்டிப்போனார். அரிசிப் பை, தேங்காய் மூட்டை, ஒரு பழைய டிரங்குப் பெட்டி. அம்மா இறங்கியதும் மகனின் கன்னத்தைத் தடவினாள். "மெலிஞ்சிட்டியே" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினோம். வழிநெடுக அம்மா என்னிடம்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. அக்கா கேட்டைத் திறந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினார். "பாத்து அத்தை, சாக்கடை மூடி ஒசந்திருக்கு." நான் மூட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்தேன். இரண்டு ரூம், நல்ல வெளிச்சம். ஒரு ரூமில் அம்மாவுக்குக் கட்டில் போட்டிருந்தது. இன்னொன்றில் சுவரோரம் மூன்று தலையணைகள். நான் எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, கண்ணில் பட்டது.

"உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றார் அக்கா. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அண்ணன் ஆட்டோவின் படியில் ஒரு கால், தரையில் ஒரு காலாக நின்றுகொண்டிருந்தார். அம்மாவும் பார்த்தாள், அக்காவும் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தேங்காயை எடுத்து அடுக்கத் தொடங்கினார்கள். கூப்பிடக் கூடாது என்று வைத்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ. இந்த ஒன்றையாவது அவரே சொல்லட்டும் என்று.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஆட்டோக்காரர் பின்னால் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா சார், எறங்கிக்கிறியா, திரும்பப் போணுமா? ஒண்ணு சொல்லு சார். நிக்க நிக்க வெயிட்டிங் ஆவுது."

மகள் ஒரு செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். அவர் அண்ணாந்து குடித்தார். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. அவள் செம்பை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அப்பா, ஆட்டோவ அனுப்பிருங்களேன்."

அவர் அவளைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். உள்ளே தேங்காய் உருளுகிற சத்தம் நின்றிருந்தது. அவர் கை சட்டைப்பைக்குப் போனது. பணத்தை எடுத்துக் கொடுக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.  கை அங்கேயே நின்றது.

"நிக்கட்டும்மா" என்றார் மகளிடம், ரொம்ப மெதுவாக. பிறகு ஆட்டோக்காரரிடம் சொன்னார்:

"வெயிட்டிங் போட்டுக்கோப்பா. தந்துருதேன்."